வெனிலாத் தோட்டச் சுற்றுலா: போனால் காலையிலேயே போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலை பத்து மணிக்குள் போக முடியாது என்றால் இந்தத் தோட்டத்துக்குப் போகவே வேண்டாம். வெனிலாப் பூ விடிகாலையில் விரியும், வெயில் ஏறினால் வாடத் தொடங்கிவிடும், ஆயுள் ஒரே நாள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எங்கள் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில் அது பூப்பதும் ஏறக்குறைய செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைதான். நாங்கள் கிளம்பும் நேரத்தில் பேருந்தில் வந்து இறங்கிய ஒரு கூட்டம் தொங்கிப்போன பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களும் எங்களைப் போல ஆளுக்கு எட்டு யூரோ கொடுத்தவர்கள்தான்.

சேன் பிலிப் பக்கம் ஒரு குடும்பம் நடத்துகிற சின்னத் தோட்டம் இது. வக்குவா மரத்திலும் சவுக்கு மரத்திலும் கொடி ஏற்றியிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் தரை வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். காரைக்காலிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை அழைத்துப் போனேன். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிமலையைப் பார்த்து வியக்காதவர், கொடியைப் பார்த்ததும் குனிந்துவிட்டார்.

விளக்கம் பிரெஞ்சிலும் கிரியோலிலும் மட்டுமே. சித்தப்பாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் வழிகாட்டிய அம்மாளின் கை பேசியது. இங்கே பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் பெண்களை மரியேஸ் என்பார்கள். அவரும் சின்ன வயதிலிருந்து அந்த வேலை செய்தவர். எலுமிச்சை முள்ளால் பூவின் உதட்டைக் கிழித்தார். உள்ளே மகரந்தத்துக்கும் அதை ஏற்கும் சூல்முடிக்கும் நடுவில் மெல்லிய தோல் போல ஒரு மடல் இருக்கிறது, பெயர் ரோஸ்டெல்லம். அதை முள் நுனியால் மேலே தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினார். சில நொடிதான். கை பழகியவர்கள் ஒரு காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடித்துவிடுவார்களாம். மறுநாள் பூ உதிராமல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காய் முற்ற இன்னும் ஒன்பது மாதம். எங்கள் கையிலும் ஆளுக்கொரு பூவைக் கொடுத்தார்கள். எட்டு யூரோவுக்கு இது ஒன்றே போதும்.

எட்மோன் அல்பியூஸ் கதையையும் நன்றாகச் சொன்னார். 1841-இல் இதே தீவின் சேந்த் சுசானில் 12 வயது அடிமைச் சிறுவனாக இருந்தபோது இந்த முறையைக் கண்டுபிடித்தவர். பெல்ஜியத்தின் லியேஜில் மோரென் என்ற தாவரவியலாளர் 1836-லேயே வெனிலாவுக்குக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்துவிட்டார். ஆனால் தோட்டத்துக்கு ஏற்ற முறை எட்மோனுடையதுதான். 1848-இல் விடுதலை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையிலேயே இறந்தார்.

குறை இனிமேல்தான். "சோம்பேறிப் பூ, ஆண்டவன் செய்த பிழை" என்று சொல்லி அந்த அம்மாள் எல்லாரையும் சிரிக்க வைத்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. "ஏம்மா, அதே பூவோட மகரந்தத்த அதே பூவுலதானே வெச்சாங்க? அப்போ இது செல்ஃபிங்தானே?" என்றார். நான் பிரெஞ்சில் கேட்டேன். "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டுக் கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

நின்று பேச வேண்டிய இடமே அதுதான். அந்த மடல் பிழை இல்லை, காவல். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாமல் இருக்கத்தான் அது அங்கே இருக்கிறது. மற்றபடி வெனிலா தன் மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் செடிதான். தடுப்பது அந்தத் தோல் ஒன்றே. தாயகமான மெக்சிகோ பக்கம் பூச்சி வந்தால்தான் அது விலகும். மெலிபோனா தேனீ என்று இங்கே பலகையில் எழுதியிருக்கிறார்கள். பெரிய ஆர்க்கிட் தேனீக்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று நினைக்கும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் காட்டில் காய் பிடிப்பது மிகக் குறைவு. எட்மோன் செய்தது அந்தக் காவலை மீறுவது. வெனிலாக் கொடியும் வெட்டி நட்டே பெருக்கப்படுவதால், பக்கத்துக் கொடிப் பூவிலிருந்து மகரந்தம் எடுத்தாலும் பெரும்பாலும் அதே செடிதான்.

வெனிலாவும் ஓர் ஆர்க்கிட்தான். நிழல்வலைக்குள் வேறு ஆர்க்கிட்களும் வைத்திருக்கிறார்கள், அங்கே விளக்கம் சொல்ல ஆளே இல்லை. நானே சொன்னேன், பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள் சும்மா இருக்க முடியுமா? ஆர்க்கிட்களில் பலவும் மகரந்தத்தைத் தூளாக விடாமல் ஒரே பொட்டலமாகக் கட்டி வைப்பவை. பொட்டலம் தன் வீட்டிலேயே விழுந்தால் அந்தப் பூவின் முழு முதலும் போச்சு. ஐரோப்பாவின் ஆர்கிஸ் செடியில் டார்வின் கூர்ந்த பென்சிலை நுழைத்துப் பார்த்தார். பொட்டலம் பென்சிலில் நிமிர்ந்து ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய 30 நொடியில் முன்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பிறகுதான் சூல்முடியில் சரியாகப் படும். அதற்குள் தேனீ அடுத்த செடிக்குப் போயிருக்கும். கேட்டசீட்டம் வகை இன்னும் ஒரு படி மேலே, ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி.

நம் தீவின் ஆங்கிரேகம் கடேட்டி என்ற ஆர்க்கிட்டுக்கு மகரந்தம் சேர்க்க உதவுவது ஒரு சுவர்க்கோழிப் பூச்சி இனம். இரவில் படம் பிடிக்கும் கேமரா வைத்து 2008-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். "சுவர்க்கோழியா? அது பயிர தின்னுதான் பாத்திருக்கேன்" என்று சித்தப்பா நம்பவே இல்லை. எல்லா ஆர்க்கிட்டும் இவ்வளவு கறார் என்று நினைக்க வேண்டாம். தேனீ ஆர்க்கிட் என்று ஒன்று உண்டு: பொட்டலம் காம்போடு தானே வளைந்து தன் சூல்முடியிலேயே இறங்கிவிடும். இவ்வளவையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் சுற்றுலாவுக்கு இன்னொரு நட்சத்திரம் கொடுப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு.

கடையில் முழுக் காயாக வாங்குங்கள். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், எண்ணெய்ப் பளபளப்பு இருக்க வேண்டும். சில காய்களின் தோலில் புள்ளி புள்ளியாகத் தழும்பு தெரியும். பூச்சி கடித்தது இல்லை, திருட்டுக்குப் பயந்து பச்சையாக இருக்கும்போதே ஊசியால் குத்திய அடையாளம். பொடியையும் வெனிலாச் சர்க்கரையையும் விட்டுவிடலாம், விலைக்குத் தகுந்த வாசனை இல்லை. முன்பதிவு தொலைபேசியில் மட்டும். நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை எடுத்துப் போங்கள், கார்டு கடையில் மட்டுமே செல்லும்.