தாய்ப்பால் எடுக்கும் கைப்பம்பு: 14 மாதப் பாவனைக்குப் பின்

மகளுக்கு நான்கு மாதம் நிறையுமுன்பே எனது 84 நாள் மகப்பேற்று விடுமுறை முடிந்துவிட்டதால், திருகோணமலை நகரிலுள்ள ஒரு பாமசியில் 3,200 ரூபா கொடுத்து இந்தக் கைப்பம்பை வாங்கினேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டு உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரும் அதையே சொல்வார். வேலைக்குப் போகும் தாயின் வீட்டுக்குள் பால்மா வருவது பெரும்பாலும் அந்த விடுமுறைக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில்தான். அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. முதலில் பகலில் மட்டும் பால்மா கொடுத்தார், பிறகு இரவிலும். அம்மா சுறாப்புட்டும் முருங்கையிலையும் ஆக்கிக் கொடுத்தும் ஐந்தாம் மாதத்தில் பால் வற்றிவிட்டது. மார்பிலிருந்து பால் வெளியேறினால்தான் மீண்டும் சுரக்கும் என்பதை அப்போது எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்தவில்லை.

இந்தப் பம்பு எனக்குச் செய்து தந்த வேலை அதுதான். மின்சாரம் தேவையில்லை, சத்தமும் மிகக் குறைவு. முதல் வாரம் 40 மில்லிலீற்றர்கூடத் தேறவில்லை, வலியும் இருந்தது. இளஞ்சூட்டுத் துணியால் ஒற்றி, கையால் மெல்ல நீவிய பிறகு பம்பை வைக்குமாறு குடும்பநல உத்தியோகத்தர் காட்டித் தந்ததிலிருந்து இருபது நிமிடத்தில் 90 மில்லிலீற்றர்வரை கிடைத்தது. புனல் ஒரே அளவில்தான் வருகிறது என்பதால், பொருந்தாதவர்களுக்கு வலி நீடிக்கக்கூடும். ஆறாம் மாதத்தில் சிறிய சிலிக்கன் வால்வு கிழிந்து உறிஞ்சும் வலு போய்விட்டது. மாற்று வால்வு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காமல் கொழும்பிலிருந்து வருவிக்க ஒன்பது நாள் சென்றது, அதுவரை கையாலேயே பீய்ச்சினேன். வாங்கும்போதே மேலதிகமாக ஒரு வால்வைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த பால் 25 பாகை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும், குளிர்சாதனப்பெட்டியில் நான்கு நாள்வரை வைக்கலாம். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் வெக்கையில் அந்த நான்கு மணியை நம்ப முடியாது. பனிக்கட்டி வைத்த பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முலைச்சூப்பிக்குப் பழகினால் மார்பை மறுத்துவிடுவாள் என்ற பயத்தில், அம்மா அந்தப் பாலைச் சிறு கோப்பையால் பருக்கினார்.

பம்பு எவ்வளவு நல்லதானாலும் அதைப் பாவிக்க நேரமும் ஓர் இடமும் வேண்டும். குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை எங்கள் சட்டம் தருகிறது. நான் வேலை செய்த இடத்தில் அதைக் கேட்டுப் பெற மூன்று வாரம் சென்றது, கிடைத்ததும் தாழ்ப்பாள் இல்லாத களஞ்சிய அறை. அந்த மூன்று வாரத்தில் பால் குறைந்ததை நான் கண்கூடாகக் கண்டேன். குறையை இந்தப் பொருளின்மேல் போட மாட்டேன்.

பிள்ளையோடு வீட்டில் இருக்கும் தாய்க்கு இது அவசியமில்லை, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் போதும். வேலைக்குத் திரும்புபவர்கள் விடுமுறை முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே வாங்கிப் பழகுங்கள். தங்கை என்னுடையதைக் கேட்டபோது, ஒருவர் பாவித்ததை இன்னொருவர் பாவிப்பது சுத்தமல்ல என்பதால் புதிதாகவே வாங்கிக் கொடுத்தேன். மகளுக்கு இப்போது 20 மாதம். பம்பை நிறுத்தி இரண்டு மாதமாகிறது, இரவில் இன்னும் குடிக்கிறாள்.