மட்டக்களப்பில் மகள் போகும் புவியியல் வகுப்பு

சாதாரண தரப் பரீட்சைக்குப் புவியியல் எடுக்கப் போகிறேன் என்று மகள் சொன்னபோது எனக்கு விருப்பமே இல்லை, மனப்பாடப் பாடம்தானே என்று நினைத்திருந்தேன். டவுனில் ஒரு ரியூசன் வகுப்பில் சேர்த்து ஆறு மாதமாகிறது, இப்போது முழு மனதோடு சொல்கிறேன், பிள்ளைகளை இந்த வகுப்புக்கு அனுப்புங்கள்.

படிப்பிக்கிற சேர் முதல் நாளே 1:50,000 இடவிளக்கப்படத்தை, அதாவது மேடு பள்ளம், ஆறு, வீதி எல்லாம் அளவோடு காட்டும் படத்தை விரித்து, 2 சென்ரிமீற்றர் என்றால் 1 கிலோமீற்றர் என்று சொல்லி, கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிலம் எவ்வளவு ஒடுக்கம் என்று பிள்ளைகளையே அளக்க வைத்திருக்கிறார். 2004 சுனாமி அங்கே ஏன் அப்படி அடித்தது என்று அன்றிரவு மகள்தான் எனக்கு விளக்கினாள். 1978 சூறாவளியைப் பற்றி அம்மம்மாவிடம் போய்க் கேட்டாள். மாரியில் வெள்ளம் ஏறினால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஏன் வெட்டி விடுகிறார்கள் என்பது இவ்வளவு காலம் இங்கே இருந்தும் எனக்கே சரியாகத் தெரியாது.

குறை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், கடைசி வாங்கில் இருந்தால் பலகை தெரியாது. அதனால் 7 மணிக்கே போய் இடம் பிடியுங்கள், அப்புறம் நிறப்பென்சில் பெட்டி மறக்க வேண்டாம்.