வில்ஃபிரான்ஷ் த கோன்ஃபிளான்: மஞ்சள் ரயிலும் மதில் ஊரும்

பிரெஞ்சு பிரனீஸ் மலையடிவாரத்தில், தெத் ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சிற்றூருக்குப் பெரும்பாலோர் வருவது மலையேறும் மஞ்சள் ரயிலுக்காக. ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்களே அதிகம். அது பெரிய நஷ்டம்.

பெர்பிஞ்ஞானிலிருந்து வரும் சாதாரண ரயில் இங்கேயே முடிகிறது. அதே நிலையத்தில்தான் ஒரு மீட்டர் அகலப் பாதையில் (மீட்டர் கேஜ்) ஓடும் மஞ்சள் ரயில் புறப்படும். மதில் வாசல் அங்கிருந்து பத்து நிமிட நடை.

மதிலுக்குள்ளே நீளமான தெருக்கள் இரண்டுதான். இளஞ்சிவப்புப் பளிங்குக் கல் வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஊர் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் டிக்கெட் வாங்கி மதிலின் நடைவழிகளுக்குள்ளும் நுழையுங்கள். நாற்புறமும் மலை என்பதால், உச்சியிலிருந்து சுட்டால் குண்டு ஊருக்குள்ளேயே விழும். அதனால் பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைப் பொறியாளர் வோபான், காவலர்கள் மதில் மேல் சுற்றி வந்த பழைய நடைவழியின் மேல் கூரை போட்ட இன்னொரு நடைவழியைக் கட்டினார். எதிரே குன்றின் மேல் லிபேரியா கோட்டையையும் எழுப்பினார். மதிலும் கோட்டையும் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. கோட்டைக்குப் போகும் சுரங்கப் படிக்கட்டில் 734 படிகள். மேலே வண்டியில் போய், படிகளில் இறங்கி வருவதே நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கவும் வேண்டாம்.

இனி ரயில். மோன்-லூயி வரை 1910இல் திறந்தார்கள். கடைசி நிலையமான லத்தூர்-த-கரோல் வரை 1927இல். மொத்தம் 63 கி.மீ., ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். 427 மீட்டரில் கிளம்பி போல்கேர் நிலையத்தில் 1,593 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பல் சக்கரம் கிடையாது. சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு அறுபது மீட்டர் என்ற ஏற்றத்தையும் வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறுகிறது. மின்சாரம் தெத் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வருவது. அதற்கென்றே மேலே புய்யூஸ் அணையைக் கட்டினார்கள். ஊரின் காலடியில் ஓடும் ஆறே ரயிலையும் மலையேற்றுகிறது என்பதுதான் இந்தப் பாதையின் பேரழகு.

முழுத் தூரமும் போக வேண்டியதில்லை. செஜூர்னே கல் பாலம், 80 மீட்டர் உயரத்தில் தொங்கும் ஜிஸ்க்ளார் பாலம் இரண்டுமே மோன்-லூயிக்கு முன்பே வந்துவிடும். ஜிஸ்க்ளார் பாலத்தை வடிவமைத்த பொறியாளர் 1909இல் சோதனை ஓட்ட விபத்திலேயே உயிரிழந்தார். மோன்-லூயியைத் தாண்டினால் திறந்த பீடபூமி, குழந்தைகளுக்குச் சலித்துவிடும். துலூஸ் அல்லது பார்சலோனா ரயிலைப் பிடிக்கிறவர்கள் மட்டும் கடைசி வரை போகலாம்.

கோடையில் இணைக்கும் திறந்த பெட்டிகளுக்குக் கூட்டம் முந்தும்; காலையில் சீக்கிரமே நிலையத்தில் இருங்கள். தொப்பி வேண்டும், ஸ்வெட்டரும் வேண்டும்: வெயிலில் வேகும், சுரங்கத்துக்குள் குளிரும். சிறு நிலையங்களில் கேட்டால்தான் நிற்கும். இறங்குவதாக இருந்தால் நடத்துநரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஏறுவதாக இருந்தால் நடைமேடையில் நின்று கை காட்டுங்கள். மூன்றாவது தண்டவாளத்தில் 850 வோல்ட் ஓடுகிறது, குழந்தைகளைப் பாதையில் இறங்கவே விடாதீர்கள். வண்டிகள் குறைவு என்பதால், இறங்குவதற்கு முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.