எல்டன் ரிங்: உருளத் தெரிந்தால் பிழைக்கலாம்

2022 பிப்ரவரியில் வந்த வீடியோ விளையாட்டு. இன்றும் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பெரிய எதிரியான மார்கிட்டிடம்தான் மாட்டுகிறார்கள். அவன் கைத்தடியை ஓங்கி, அப்படியே பிடித்து நிற்பான். ஓங்கியதுமே தப்பிக்க உருண்டால் அடி நிச்சயம். தடி இறங்கும்போது உருளுங்கள். அணிந்திருக்கும் சுமை உங்கள் வரம்பில் 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளலே கனத்துவிடும், கவசத்தைக் கழற்றுங்கள். மர்க்வாட்டர் குகையில் மோதும் பேச்சஸ் என்ற திருடன் சரணடைந்ததும் அடியை நிறுத்தினால், 5,000 ரூனுக்கு (விளையாட்டின் நாணயம்) மார்கிட்டைச் சற்று நேரம் கட்டிப்போடும் சங்கிலியை விற்பான். சண்டையின் முதல் பாதியில் மட்டுமே அது பலிக்கும். உயிர்ப் பலத்தைக் கூட்டும் விகரை முதலில் ஏற்றுங்கள், வாள் வலிமை அப்புறம்.

சுற்றித் திரிவதுதான் இதன் உயிர். ஆனால் சிறு குகைகளில் பழைய எதிரிகளே திரும்பத் திரும்ப வருவது சலிப்பு. யார் என்ன வேலை சொன்னார் என்று குறித்துக்காட்டும் பட்டியலும் கிடையாது. நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வாசிகளுக்கு: லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) அறிவித்திருந்தால் பத்து நிமிடம் முன்பே மெனு வழியாக வெளியேறுங்கள். சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் கோப்பு கெடலாம். டேட்டா தீர்ந்தால் கவலையில்லை, நெட்வொர்க் அமைப்பில் ஆஃப்லைனுக்கு மாற்றினால் முழுக்கதையும் ஓடும்.