‘100 மணி நேரம் ஓடட்டும்ணே’: புது ஸ்பீக்கரில் போன 1,850 வெள்ளி

1,850 வெள்ளி. நேற்று இரவு அந்த இணைய விற்பனைத் தளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. கொள்முதல் முடிந்துவிட்டதாம், பணம் வியாபாரிக்குப் போய்விட்டதாம், இனி ஒன்றும் செய்ய முடியாதாம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுன்களில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்க ஹைஃபை கடைக்கு எங்கே போவது? கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகிற மைக் செட் கடைதான் உண்டு. அதனால் வீட்டு ஸ்பீக்கரைப் படத்தைப் பார்த்து நம்பி வாங்குகிறோம். இப்படி விற்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: புத்தம் புதிய இருவழி ஸ்பீக்கர் ஜோடி, அடி ஒலிக்கு ஆறரை இன்ச் வூஃபர், உச்ச ஒலிக்கு ஒரு இன்ச் பட்டு டோம் ட்வீட்டர், மின்தடை 8 ஓம், 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) பெட்டி, ஒவ்வொன்றும் 8.2 கிலோ. விலை 1,850 வெள்ளி.

முதல் பாட்டிலேயே கோளாறு தெரிந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே இரண்டு மீட்டர், கேட்கிற நாற்காலியும் அதே தூரத்தில். அப்படி வைத்தால் பாடகர் குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். இங்கே குரல் வலது பக்கம் ஒரு முழம் சாய்ந்தே இருந்தது. ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் இடது பக்கம் வரவே இல்லை, வாயில் துணியை வைத்துப் பாடியது போல. தாளத்தின் கிண்கிணி வலது பக்கம் மட்டும். தவிலில் விரலால் வாசிக்கிற வலந்தலையின் வெட்டு மழுங்கிப்போய், கோலால் அடிக்கிற தொப்பியின் அடி மட்டும் ‘தொம் தொம்’ என்று ஒரே சுரத்தில் உருண்டது. உறுமியை ஓடவிட்டால் அந்த இழுப்பு, ஏற்ற இறக்கம் எதுவும் கிடையாது. பெட்டிதான் அதிர்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் நாகஸ்வரம் காதைக் கீறுகிறது.

உடனே வியாபாரிக்கு வாட்ஸ்அப். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது, அதுவும் தமிழில்: “அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு மோசமான சாமான் கொடுப்பேனா? புது ஸ்பீக்கர் அப்படித்தான் கேக்கும். 100 மணி நேரம் ஓடட்டும்ணே, பூப்போல தொறக்கும். நீங்க ‘பொருள் கிடைத்தது’ பட்டனை மட்டும் அமுக்கிடுங்க, அப்பதான் உங்க பேர்ல வாரண்டி பதிவாகும்.”

அமுக்கியாயிற்று. தளம் பிடித்து வைத்திருந்த 1,850 வெள்ளியும் அந்த நிமிடமே அவன் கைக்குப் போனது. வாரண்டிக்கும் அந்தப் பட்டனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்த 100 மணி நேரக் கதையைத்தான் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் பொய் எடுபடுகிறது. புது வூஃபரின் ரப்பர் விளிம்பும், கூம்பைப் பின்னால் தாங்குகிற ஸ்பைடரும் முதல் சில மணி நேரத்தில் லேசாக இளகும். பாஸ், அதாவது அடி ஒலி, ஒரு நூல் கீழே இறங்கும். அவ்வளவுதான். செத்த ட்வீட்டர் ஓட ஓட உயிர் பெறாது. ஒரு பக்கம் சாய்ந்த குரல் நடுவுக்கு வராது. கணக்கையும் பாருங்கள். தினமும் 3 மணி நேரம் கேட்டால் 100 மணி நேரத்துக்கு 33 நாள் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுக்க அந்தத் தளம் தந்த கெடு 7 நாள்.

மூன்றாம் நாள் வந்த பதில்: “ஜிங்க் கூரை வீட்டுல எதிரொலிக்கும்ணே.” கூரை இடது ட்வீட்டரை மட்டுமா அமுக்கும்? ஒன்பதாம் நாள்: “உங்க ஆம்ப்ளிஃபயர் பத்தாது, 900 வெள்ளிக்கு நம்மகிட்ட ஒண்ணு இருக்கு.” 1,850 வெள்ளியை விழுங்கிவிட்டு இன்னும் 900 கேட்கிறான். படங்களும் அளவுகளும் அனுப்பியபின்: “பெட்டியத் திறந்துட்டீங்களா? வாரண்டி போச்சு.” அதன் பிறகு எண்ணைத் தடுத்துவிட்டான்.

திறந்ததில் கண்டது இதுதான். ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற முனையங்களில் மின்தடை அளக்கிற மல்ட்டிமீட்டரை வைத்தால் இடது 6.2 ஓம், வலது 3.5 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் பெரும்பாலும் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றால் 3 முதல் 4 வரை. அதாவது இரண்டு பெட்டியிலும் இரண்டு வேறு வூஃபர். அதே வோல்ட்டில் வலது பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது, குரல் அந்தப் பக்கம் சாயாமல் என்ன செய்யும்? இடது ட்வீட்டரின் கம்பிகளில் வைத்தால் மீட்டர் அசையவே இல்லை, உள்ளே இருக்கிற வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது. அடி ஒலியை வூஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர் பலகை கிடையாது. ட்வீட்டரோடு 3.3 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒன்று, அத்தோடு சரி. 8 ஓம் ட்வீட்டருக்கு அது சுமார் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுதாக வழிவிடும். வூஃபருக்கு மேல் சுரங்களைத் தடுக்கிற காயில் இல்லாததால் அதுவே மேல் சுரங்களையும் கத்துகிறது. நாகஸ்வரம் கீறியது அதனால்தான். உள் எதிரொலியை உறிஞ்சப் பஞ்சு ஒரு பிடி இல்லை. பெட்டி 9 மில்லிமீட்டர் மரத்தூள் பலகை, நம் ஊர் ஈரத்துக்கு மூலை இப்போதே உப்பியிருக்கிறது. காந்தத்தின் மேல் பெரிய பிளாஸ்டிக் மூடி, உள்ளே அதில் பாதி அளவுகூடக் காந்தம் இல்லை. தராசில் ஒன்று 4.1 கிலோ. எட்டே கால் கிலோ எங்கே, நாலு கிலோ எங்கே!

தளத்துக்கு மூன்று முறை எழுதியாயிற்று. மூன்று முறையும் ஒரே வாசகம், ‘பொருளைப் பெற்றதாக நீங்கள் உறுதி செய்துள்ளீர்கள்.’

விரிவாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கூரியர் சீட்டில் எடை அச்சாகியிருக்கும். விளம்பரத்து எடையில் பாதி என்றால் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். முதல் மணி நேரத்திலேயே செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒவ்வொரு ட்வீட்டரிலும் காதை வையுங்கள். இருபது முப்பது வெள்ளி மல்ட்டிமீட்டர் போதும், பெட்டியைத் திறக்காமலே இரண்டு முனையங்களையும் அளந்து ஒப்பிடலாம். சோதித்து முடியும்வரை அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். யார் அண்ணே என்று கூப்பிட்டாலும் சரி.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997-ஐ அழையுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். மனு நாளைக்குப் போகிறது. இணைப்பு: குரல் பதிவு, தராசுப் படம், மீட்டர் படம், 1,850 வெள்ளி ரசீது.