கோபயாஷியா, செஸ்ட்நட்டா?

ஹாட் டாக் (பன்னுக்குள் சாசேஜ்) தின்னும் போட்டியில் பெரிய ஆள் யார், ஜப்பானின் டக்கேரு கோபயாஷியா, அமெரிக்காவின் ஜோயி செஸ்ட்நட்டா? சாப்பாட்டுப் போட்டி பார்க்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சண்டை வந்துவிடும். வாய்ச்சவடாலை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் பார்ப்போம்.

உத்தி: இதில் கோபயாஷிதான். 2001இல் நியூயார்க் கோனி தீவில், ஆண்டுதோறும் நடக்கும் நேதன்ஸ் ஹாட் டாக் போட்டிக்கு வந்த அந்த ஒல்லியான ஜப்பானியர் 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக் சாப்பிட்டார், அதுவரை இருந்த சாதனையோ சுமார் 25தான்! சாசேஜை இரண்டாக ஒடிப்பது, பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவது, உடம்பை அசைத்து உள்ளே இறக்குவது என்று அவர் காட்டிய வழியைத்தான் அப்புறம் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கை: செஸ்ட்நட். 2021இல் 10 நிமிடத்தில் 76.

நீடிப்பு: நேதன்ஸில் கோபயாஷி தொடர்ந்து 6 முறை வென்றார். செஸ்ட்நட் 2025 வரை 17 முறை.

நேருக்கு நேர்: 2007இல் 66க்கு 63 என்று செஸ்ட்நட் வென்றார். 2008இல் 59–59 சமன், கூடுதல் சுற்றில் மறுபடியும் அவரே. ஒப்பந்தத் தகராறால் 2010இல் கோபயாஷி போட்டியிடவில்லை, மேடையேறப் போய்க் கைதானார், அவர் அப்படிப் பிரிந்துபோனது எனக்கு இன்னும் வருத்தம்தான். 2024இல் நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் இருவரும் மோதியபோது தண்ணீரில் நனைக்கவே தடை. அதிலும் 83க்கு 66, செஸ்ட்நட்.

சரி, யாரைப் பார்ப்பது? இந்த விளையாட்டு எப்படி மாறியது என்று புரிய வேண்டுமென்றால் கோபயாஷியின் 2001 காணொளி. வேகமும் விடாப்பிடியும்தான் பிடிக்கும் என்றால் செஸ்ட்நட். ஒரே ஒரு போட்டிக்குத்தான் நேரம் என்றால் 2008.