மிருதங்க வகுப்புக்கு வயர்லெஸ் கேமராவா, ஒயர் கேமராவா?

இணையத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவருக்கு முகம் தெரிந்தால் போதாது, கை தெரிய வேண்டும். லேப்டாப் மூடியில் இருக்கும் கேமரா முகத்தைத்தான் காட்டும். அதனால் வலந்தலை, அதாவது வலது கையால் வாசிக்கும் முகப்பின் பக்கம், சற்று மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி இன்னொரு கேமரா வைத்தே ஆக வேண்டும். பாயில் உட்கார்ந்து வாசிக்கும்போது குறுக்கே ஒயர் ஓடாவிட்டால் நிம்மதி என்று யாருக்கும் தோன்றும். பெங்களூரில் வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கும் நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒயர் பக்கமே சாய்ந்தேன்.

கடையில் போய் ‘வைஃபை கேமரா’ என்று கேட்டால் பெரும்பாலும் வீட்டுக் காவலுக்கான கேமராவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது தன்னுடைய ஆப்பில் படம் காட்டும். ஜூமோ கூகுள் மீட்டோ அதை நேரடியாக வெப்கேமாக எடுத்துக்கொள்ளாது. அதை விட்டுவிடலாம். டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் அசல் வயர்லெஸ் வெப்கேமை நான் இன்னொருவர் மேஜையில் பார்த்ததோடு சரி, தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழகவில்லை. ஆக, நம்மில் பலருக்கு வயர்லெஸ் என்றால் கையில் இருக்கும் போன்தான். போனை வெப்கேமாக்க ட்ராய்ட்கேம், இரியுன் போன்ற ஆப்புகள் இருக்கின்றன. ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் ஐஓஎஸ் 16, மேக்ஓஎஸ் வென்ச்சுராவோடு, ஐபோனையே மேக்கின் வெப்கேமாக்கும் கன்டின்யூட்டி கேமரா வந்துவிட்டது. ஐபோன் எக்ஸ்ஆரிலிருந்து வேலை செய்யும்.

படத்தின் தரத்தில் போன்தான் மேல். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வெப்கேம் மாலை வெளிச்சத்தில் காட்டும் புள்ளிப் புள்ளியான படத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். தனிச் செலவும் இல்லை.

ஆனால் தாமதம் என்று ஒன்று இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் அது பெரிதாகத் தெரியாது. தாளத்தில் தெரியும்.

‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிரவிரல் கரணையின் (நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில், அதாவது வெளி ஓர வளையத்தில், விழ வேண்டும். மாணவர் உற்றுப் பார்ப்பது அந்த மோதிரவிரலைத்தான். நாதம் மைக் வழியாக உடனே லேப்டாப்புக்குள் போய்விடுகிறது. படமோ போனில் சுருங்கி, ரௌட்டருக்குப் போய், அங்கிருந்து லேப்டாப்புக்கு வந்து விரிய வேண்டும். ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) ஒரு விநாடி, அதில் தகதிமி தகஜொணு என்று எட்டுச் சொல் என்றால் ஒரு சொல்லுக்கு 125 மில்லி விநாடி. படம் 200 மில்லி விநாடி பிந்தினாலே, காதில் ‘ஜொ’ விழும்போது கண்ணில் அதற்கு முந்தைய ‘தக’வின் கை தெரியும். அதைப் பார்த்துப் பழகும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ஒலியையும் அதே அளவு பிந்தச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், தாமதம் ஒரே அளவாக இருந்தால். வைஃபையில் அது நிலையாக நிற்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. எங்கள் அடுக்குமாடியில் போனைத் திறந்தால் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்களே திரை நிறைய வருகின்றன. காலை ஆறரைக்கு, அதாவது கோடையில் கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு, அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு எடுக்கும் வகுப்பு ஓரளவு ஓடிவிடும். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி ஓடும்போது அதே போன், அதே இடம், ஆனால் படம் இழுக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறைகிறது. ஆனால் ரௌட்டர் ஹாலிலும் பாய் உள்ளறையிலும் இருந்தால் நடுச்சுவர் பாதியைத் தின்றுவிடும். லேப்டாப்பை லான் ஒயரில் ரௌட்டரோடு இணைத்தால் காற்றில் போகும் சுமை குறையும். அப்படியே போட்டாலும், ஒயரைத் தவிர்க்க வந்த இடத்தில் ஒயர்தான்!

உங்கள் போன் எவ்வளவு பிந்துகிறது என்று நீங்களே பார்க்கலாம். லேப்டாப் திரையில் மில்லி விநாடி காட்டும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, போன் கேமராவை அதன் பக்கம் திருப்பி, அந்தப் படத்தையும் பக்கத்திலேயே திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள்.

கரண்ட் போனாலும் இதே கதை. ரௌட்டர் அணைந்தால் லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றிவிடலாம், யுஎஸ்பி கேமராவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வயர்லெஸ் என்றால் கேமராவையும் புதிதாக இணைக்க வேண்டும். அதற்குள் மாணவர் மோராவை (முடிப்பில் மூன்று முறை வரும் சொற்கட்டு) மறந்திருப்பார்.

யுஎஸ்பி வெப்கேமிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அதோடு வரும் ஒயர் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான், பாய்வரை எட்டாது. யுஎஸ்பி 2.0-க்குச் சாதாரண ஒயரில் 5 மீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடில் ‘ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன்’ (இடையில் சிக்னலைப் பெருக்கித் தரும் ஒயர்) என்று கேட்டு வாங்குங்கள். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் கேமராவின் அமைப்பில் 60 ஹெர்ட்ஸை 50 ஆக மாற்றுங்கள், நம் ஊர் மின்சாரம் 50. ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வேகமாக வாசிக்கும் கையைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஒரு மேஜை விளக்கு வாங்கி வலந்தலைமேல் விழும்படி வைத்தால் மலிவு கேமராவே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அறை முழுக்க நகர்கிறவர் காலில் ஒயர் சிக்கினால் ஆபத்து. அவருக்குப் போன்தான் சரி. உட்கார்ந்த இடத்தில் வாசிக்கிறவர்களுக்கு ஒயர். போன் படத்தை விட மனசில்லை என்றால் ஆண்ட்ராய்டு 14 உள்ள சில போன்களில் யுஎஸ்பி ஒயரைச் செருகியதும் ‘வெப்கேம்’ என்று ஒரு தேர்வு வரும். அது வந்தால் வெப்கேம் வாங்கும் முன் அதைப் போட்டுப் பாருங்கள். வகுப்பு நடக்கும்போதே போனுக்குச் சார்ஜும் ஏறும்.